பிரஷர் இருக்கு, காத்து பத்தல

ஞாயிற்றுக்கிழமை காலை. போர்ட்டிகோவில் நிற்கும் காரின் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மூலையில் இருக்கும் கம்ப்ரசர் 8 பார் வரை நிரப்பிவிட்டுத் தானே நின்றுவிட்டது. புதிதாக வாங்கிய அரை இஞ்ச் இம்பாக்ட் கன்னை நட்டில் பொருத்தி டிரிகரை அழுத்தினால், முதல் இரண்டு விநாடி வீராவேசம், அப்புறம் ‘டொக்... டொக்...’ என்று இழுவை. நட்டு அசையவில்லை. கடைசியில் வீட்டுக்காரர் டிக்கியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து, அதன் மேல் ஏறி மிதித்துத்தான் கழற்றுகிறார். தெருமுனை டயர் கடையில் இதே மாதிரி கன் ஒரு சக்கரத்து நட்டுகளைக் கண் இமைப்பதற்குள் கழற்றிப் போடுகிறது.

இந்தப் புகாரோடு அந்தக் கடைக்குப் போனால், பழகிய மெக்கானிக் கன்னைக் கையில்கூட வாங்க மாட்டார். “பிரஷர் இருக்கும் சார், காத்து பத்தாது” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. வீட்டுப் பட்டறைகளில் ஏர் டூல் சோர்ந்து போவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

மொட்டை மாடித் தொட்டி நிரம்பியிருந்தும் குளியலறை ஷவர் சொட்டுச் சொட்டாக வடிகிற வீடுகள் உண்டு. பழைய இரும்புக் குழாய்க்குள் துரு படிந்து வழி குறுகிப் போயிருக்கும். குழாயை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தத்தில் குறையே தெரியாது, திறந்தால்தான் தெரியும். காற்றும் அப்படித்தான். டிரிகரைத் தொடாதபோது கேஜ் காட்டுவது நிற்கிற காற்றின் அழுத்தம். டூலைச் சுழற்றுவது ஓடுகிற காற்று. பெரும்பாலான ஏர் டூல்கள் 90 பி.எஸ்.ஐ.க்கு, அதாவது டயர் கடைக் கணக்கில் 90 பவுண்டுக்கு, வடிவமைக்கப்பட்டவை, ஏறத்தாழ 6.2 பார். அந்த 90, டூல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வாயில் இருக்க வேண்டிய அளவு. கம்ப்ரசர் டேங்கில் இருக்க வேண்டிய அளவு அல்ல.

எனவே முதல் சோதனைக்கு சில நூறு ரூபாய்தான் செலவு. ஒரு டி-ஜாயின்டும் ஒரு சின்ன கேஜும் வாங்கி, டூலை மாட்டும் இடத்துக்கு முன்னால் பொருத்த வேண்டும். டேங்க் நிரம்பியதும் டிரிகரை அழுத்திப் பிடித்தபடி, டேங்க் கேஜையும் டூல் கேஜையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று நடக்கும். டேங்கில் அழுத்தம் அப்படியே இருக்க, டூல் முனையில் மட்டும் சரிந்தால் கோளாறு வழியில். இரண்டும் சேர்ந்து இறங்கினால் கோளாறு கம்ப்ரசரில், அல்லது அதனிடம் நாம் கேட்கிற அளவில். டூல் முனையில் 90 குறையாமல் நின்றும் டூல் முனகினால், கோளாறு டூலுக்குள்.

வழியில் முதல் சந்தேகம் ஓஸ் மேல்தான் விழ வேண்டும். ஹார்டுவேர் கடையில் ‘8 எம்.எம்.’ என்று தருகிற நீல நிற பி.யூ. டியூபின் அளவு பெரும்பாலும் வெளிவிட்டம். உள்ளே காற்று போகிற துளை 5 அல்லது 5.5 மில்லிமீட்டர்தான். ரப்பர் ஓஸை வழக்கமாக உள்விட்டத்தில் சொல்வார்கள். இந்தக் குழப்பத்தில் ஏமாந்தவர்கள் பலர். குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் மாறும். 10 மில்லிமீட்டர் துளையுள்ள ஓஸுக்குப் பதிலாக 5 மில்லிமீட்டர் துளை என்றால், அதே காற்றை அதே தூரம் கொண்டுபோக இழப்பு இரண்டு மடங்கு ஆகாது. 32 மடங்கு ஆகும். கன் திணறுவதில் வியப்பென்ன?

குழாய் அகலமாக இருந்தால் தூரம் பெரிய தடையல்ல. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து பிரான்சையும் இத்தாலியையும் இணைத்த மோன் செனி சுரங்கப்பாதையில் 1861 முதல் காற்றால் இயங்கும் துளைக் கருவிகள் வேலை செய்தன. வெளியே அழுத்திய காற்றை மலைக்குள் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோனார்கள். 1871இல் பாதை திறக்கப்பட்டது. அங்கே போட்டவை அகலமான இரும்புக் குழாய்கள். நம் போர்ட்டிகோவிலோ பத்து மீட்டரிலேயே காற்று மூச்சு வாங்குகிறது.

ஓஸுக்கு அடுத்தது கப்ளர். சட்டென்று மாட்டிக் கழற்றுகிற இந்த இணைப்புகளின் நடுத்துளை சில மாடல்களில் ஓஸின் துளையைவிடச் சிறியது. அப்படி நான்கு கப்ளர்களை வரிசையாகப் போட்டால் நான்கு இடத்தில் கழுத்தைப் பிடித்தது போல. ரெகுலேட்டரோடு சேர்ந்த ஃபில்டரையும் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் வடிகட்டி துருவும் எண்ணெயும் சேர்ந்து சேறாகியிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, கேஜைப் பார்த்து மறுபடி சோதித்தால் அடைப்பு எங்கே என்று தானாகத் தெரிந்துவிடும். கழற்றும் முன் லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது அவசியம்.

இரண்டாவது நிலைமை, அதாவது இரண்டு கேஜும் சேர்ந்து இறங்குவது, சாண்டர் அல்லது டை கிரைண்டர் ஓட்டும்போது அதிகம் நடக்கும். இம்பாக்ட் கன் விட்டு விட்டுத்தான் காற்றைக் குடிக்கும். சாண்டர் நிறுத்தாமல் குடிக்கும். நிமிடத்துக்கு 10 கன அடி கேட்கிற சாண்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லிட்டரில் 283. டேங்க் 50 லிட்டர். 8 பாரில் மோட்டார் நிற்கும், 6 பாருக்கு இறங்கினால் மறுபடி ஓடும். ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதிப்படி, அந்த 2 பார் இடைவெளியில் டேங்க் கொடுக்கக்கூடியது 2 பெருக்கல் 50, ஆக 100 லிட்டர். சாண்டர் அதை 21 விநாடியில் தீர்த்துவிடும். அதன் பிறகுதான் மோட்டார் கிளம்பும். கம்ப்ரசர் நிமிடத்துக்கு 150 லிட்டர் தருகிறது என்றால், கேட்பதில் பாதியைச் சற்றே தாண்டும். அழுத்தம் 3 பாரை நெருங்கும்வரை இறங்கிக்கொண்டே போகும். எதுவும் பழுதில்லை. வரவைவிடச் செலவு அதிகம், அவ்வளவுதான்.

வாங்கும்போது அட்டையைக் கவனிக்க வேண்டியது இதனால்தான். கம்ப்ரசரில் அச்சிட்டிருக்கும் கன அடிக் கணக்கு பல நேரம் பிஸ்டன் தள்ளுகிற கொள்ளளவு. வேலை செய்கிற அழுத்தத்தில் உண்மையாக வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு தேறினால் நல்லது. டூல் அட்டையில் இருப்பதும் அடிக்கடி ‘சராசரி’ நுகர்வுதான். நிமிடத்தில் கால்வாசி நேரம் மட்டும் டிரிகரை அழுத்துவதாக வைத்துப் போட்ட கணக்காக அது இருக்கலாம். பெரிய டேங்க் வாங்கினால் தீருமா? கொஞ்ச நேரம் தள்ளிப்போகும், தீராது.

முன்பு போதுமானதாக இருந்த கம்ப்ரசர் இப்போது தடுமாறினால் கதை வேறு. அதற்கு ஒரு கடிகாரம் போதும். 50 லிட்டர் டேங்கை 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற்ற 40 விநாடி ஆனால், அது நிமிடத்துக்கு 150 லிட்டர் தருகிறது. அதே வேலைக்கு 65 விநாடி எடுத்தால் வரத்து 92 லிட்டராகச் சுருங்கிவிட்டது. காற்று உள்ளே இழுக்கும் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம், தலைப்பகுதியில் உள்ள வால்வுத் தகடு சரியாக மூடாமல் இருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சுலபமானதிலிருந்து தொடங்க வேண்டும். ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்ததிலேயே பாதி நேரம் மிச்சமாவதும் உண்டு.

மின்சார ஒயரையும் மறக்கக் கூடாது. 0.75 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு 2 குதிரைத்திறன் மோட்டாரை ஓட்டினால், 10 ஆம்பியரில் சுமார் 10 வோல்ட் வழியிலேயே போகும். மோட்டார் கிளம்பும்போது மின்னோட்டம் பல மடங்கு என்பதால் இழப்பும் பல மடங்கு. இந்த மோட்டார்களின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் விசை 19 சதவீதம் குறையும். ஒயரை நீட்டுவதைவிட, தடிமனான ஓஸை நீட்டுவது நல்லது.

லீக் சத்தமில்லாமல் திருடும். 7 பார் அழுத்தத்தில் 1 மில்லிமீட்டர் துளை ஒன்று நிமிடத்துக்கு 60 லிட்டரைச் சுற்றிக் காற்றை விட்டுவிடும். சோப்பு நுரையை எல்லா இணைப்பிலும் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும்.

மூன்றாவது நிலைமை டூலுக்குள். இம்பாக்ட் கன், கிரைண்டர் போன்றவற்றுக்குள் ஒரு ரோட்டார். அதன் பள்ளங்களில் சறுக்கிச் சறுக்கி வெளியே வந்து உருளையின் சுவரைத் தொடும் மெல்லிய பட்டைகள். காற்று அந்தப் பட்டைகளைத் தள்ளித்தான் ரோட்டாரைச் சுழற்றுகிறது. தண்ணீரும் துருவும் சேர்ந்து பட்டை பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டால், காற்று பக்கவாட்டில் நழுவி ஓடிவிடும். வேலைக்கு முன் இன்லெட்டில் ஏர் டூல் ஆயில் நாலைந்து சொட்டு விடச் சொல்வது அதனால்தான். என்ஜின் ஆயில் கெட்டியானது. பட்டையைப் பிடித்துவைத்து நிலைமையை மோசமாக்கும். பல டூல்களின் இன்லெட்டில் ஒரு சிறிய வலையும் இருக்கும். இணைப்பைச் சுற்றிய டெஃப்லான் டேப்பின் துணுக்கு ஒன்று அங்கே போய் உட்கார்ந்தால் போதும், டூல் செத்தது போலக் கிடக்கும். இதையெல்லாம் பிரிப்பதற்கு முன், கன்னின் பின்புறத்தில் உள்ள, விசையைக் கூட்டிக் குறைக்கும் திருகு மிகக் குறைந்த ‘1’இல் நிற்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்துதான். 30 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் உண்டு. அதை 8 பாருக்கு அழுத்தி ஆறவிட்டால் 20 கிராம் அளவு டேங்க் அடியில் படிந்துவிடும். நிமிடத்துக்கு 150 லிட்டர் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட ஒரு டம்ளர். அதனால் அடியில் உள்ள வால்வைத் தினமும் திறந்து வடிக்க வேண்டும். வடிக்காவிட்டால் டேங்கின் அடித்தகடு உள்ளிருந்து அரிக்கும். வெடித்தால் ஆளைக் கொல்லக்கூடியது அது.

காற்று போதவில்லை என்று பிரஷர் சுவிட்சைத் திருகி ஏற்றுவதும், சேஃப்டி வால்வை இறுக்குவதும் இதே ஆபத்தைத்தான் கூப்பிடும். வீட்டுக் குழாய்க்கு வாங்கி மிஞ்சிய பி.வி.சி. பைப்பில் காற்று லைன் இழுப்பதும் அப்படியே. அது உடையும்போது சில்லுச் சில்லாகச் சிதறும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு நிர்வாகம் 1988லேயே இதை எச்சரித்திருக்கிறது.

டயர் கடைக்காரரின் பேச்சைக் கேட்டுத் திரும்பியவர் முதலில் மாற்ற வேண்டியது அந்த நீல டியூபைத்தான். 10 மில்லிமீட்டர் துளையுள்ள ரப்பர் ஓஸ், அகலத் துளை கப்ளர் ஒரு ஜோடி, டூலுக்கு நாலு சொட்டு எண்ணெய். அடுத்த ஞாயிறு டிரிகரை அழுத்தும்போது முனை கேஜில் முள் 90ஐ விட்டு அதிகம் நகராது. நட்டு சுழன்று கையில் விழும். பிறகு மார்க்கரை எடுத்து டேங்கின் பக்கவாட்டில் தேதியோடு எழுதி வைக்கலாம்: 6லிருந்து 8 பார், 40 விநாடி.