ஒரே புற்றுநோய், ஒரே சிகிச்சை... முடிவு மட்டும் ஏன் வேறு? சினைப்பைக் கட்டிக்குள் இருக்கும் தடயம்

ஜூலையில் குற்றாலம் பேரருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்துக் கொட்டும். சீசன் இல்லாத மாதத்தில் அதே இடத்துக்குப் போனால் பாறைதான் தெரியும். பாறை மாறவில்லை, தண்ணீர்தான் கூடிக் குறைகிறது.

மரபணுக்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். நம் செல்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. எந்த மரபணு எங்கே, எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் வித்தியாசம். அந்த அளவுக்குப் பெயர் மரபணு வெளிப்பாடு. சினைப்பைப் புற்றுநோய் வந்த ஒரு பெண் எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பார் என்பதற்கான தடயத்தை ஆய்வாளர்கள் இதில்தான் தேடுகிறார்கள்.

இந்தியப் பெண்களிடம் மார்பகம், கருப்பைவாய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது இந்தப் புற்றுநோய். வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் போவது... அறிகுறிகள் இவ்வளவு சாதாரணமானவை. தென்காசியோ சென்னையோ, "கேஸ் ட்ரபிள்தான்" என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். வயிற்றுக்குள் பரவிய பிறகுதான் பலருக்கும் விஷயமே தெரிகிறது.

பிறகு அறுவை சிகிச்சை, கீமோ. ஆனால் ஒரே கட்டத்தில், ஒரே சிகிச்சை எடுத்த இருவரில் ஒருவருக்குச் சில மாதங்களில் நோய் திரும்புகிறது. இன்னொருவர் பல வருடம் நன்றாக இருக்கிறார். ஏன்?

உள்ளே நுழைந்த படை

2003இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. முற்றிய நிலையில் இருந்த பெண்களின் 186 கட்டி மாதிரிகளைப் பார்த்தார்கள். நோய் எதிர்ப்புப் படையின் 'டி செல்கள்' கட்டிக்குள் நுழைந்திருந்த பெண்களில் 38 சதவீதம் பேர் 5 ஆண்டுகளைக் கடந்தார்கள். நுழையாதவர்களில் 4.5 சதவீதம் பேர்தான். சிகிச்சைகள் அதற்குப் பின் மேம்பட்டுவிட்டன, எனவே இந்த எண்களை இன்றைய நோயாளிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் அந்த இடைவெளிதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

2011இல் அமெரிக்காவின் 'கேன்சர் ஜீனோம் அட்லஸ்' திட்டம் 489 கட்டிகளின் மரபணு வெளிப்பாட்டை அலசி, நான்கு வகைகளாகப் பிரித்தது. அதில் ஒரு வகையில் சி.எக்ஸ்.சி.எல்.10, சி.எக்ஸ்.சி.எல்.11 ஆகிய மரபணுக்கள் மும்முரமாக இயங்கின. "இங்கே வா" என்று டி செல்களைக் கூப்பிடும் சிக்னல்கள் இவை. அந்த ஆய்வில் நான்கு வகைகளுக்கும் ஆயுளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. பிந்தைய ஆய்வுகளில்தான் இந்த வகையினர் நிலைமை சற்று மேல் என்று தெரிந்தது.

அப்போ டெஸ்ட் எடுக்கலாமா?

அவசரம் வேண்டாம். ஆளுக்கொரு மரபணுப் பட்டியலுடன் ஏராளமான 'ஸ்கோர்'கள் வந்துவிட்டன. பலவும் அதே அமெரிக்கத் தரவிலிருந்து உருவானவை. அது தென்காசிப் பெண்ணுக்கும் அப்படியே பொருந்துமா என்பது சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வி. நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளை முதல் கீமோவுடன் சேர்த்துப் பார்த்த ஜாவலின் ஓவேரியன் 100, ஐமேஜின் 050 ஆகிய பெரிய சோதனைகளும் கைகொடுக்கவில்லை.

இன்று சிகிச்சையை மாற்றக்கூடிய பரிசோதனை வேறு: பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2. இவற்றில் பிறழ்வு இருந்தால் ஓலாபாரிப் போன்ற மாத்திரைகள் நோய் திரும்புவதைத் தள்ளிப்போட உதவும். அது பரம்பரைப் பிறழ்வாக இருந்தால் மகள், அக்கா, தங்கைக்கும் எச்சரிக்கை. டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

தென்காசியிலிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்கோ, செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் மண்டல புற்றுநோய் மையத்துக்கோ, பொதிகை எக்ஸ்பிரஸில் அடையாறுக்கோ போகிறவர்கள் ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துப் போவார்கள். விட்டுப்போவது பயாப்ஸி திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் 'பிளாக்'. கட்டியின் மரபணுக்களைப் படிக்க அந்தச் சின்னக் கட்டிதான் வேண்டும். முதலில் பயாப்ஸி செய்த லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.