காலண்டர் சாமிகளுக்கு முகம் கொடுத்தவர்!

வீட்டுச் சுவரைப் பாருங்கள். ஆணியில் ஒரு காலண்டர் தொங்கும். அதிலே முருகன் இருப்பார். ஒரு பக்கம் வள்ளி, மறு பக்கம் தெய்வானை. பின்னால் மயில். நீங்கள் எந்த மூலையில் நின்றாலும் முருகன் உங்களையே பார்ப்பது போல இருக்கும்.

முருகன் இப்படித்தான் இருப்பார் என்று நமக்கு யார் சொன்னது? கோவிலில் இருப்பது கருங்கல் சிலை. அபிஷேகமும் அலங்காரமும் ஆன பிறகு முகம் மட்டும்தான் தெரியும். ஆனாலும் "முருகன்" என்றதும் சிவந்த உதடும், சிரிக்கும் கண்ணும், பளபளக்கும் கிரீடமும் நம் மனதில் வந்து நிற்கின்றன.

அப்படி வரைந்து காட்டியவர்களில் முன்னோடி ஒருவர் உண்டு. அவர் பெயர் கொண்டையராஜு. படம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பெயர்தான் பலருக்குத் தெரியாது!

தீப்பெட்டியில் தொடங்கிய கதை

கொண்டையராஜு வாழ்ந்த ஊர் கோவில்பட்டி. அவர் படங்கள் அச்சான ஊர் சிவகாசி. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வயல் இல்லை. வயல் இல்லை என்றால் அடுப்பு எரியாது.

அந்தச் சிவகாசியிலிருந்து 1920-களில் இருவர் கல்கத்தாவுக்குப் போனார்கள். அய்ய நாடார், சண்முக நாடார் என்பது அவர்கள் பெயர். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மேலே ஒட்ட வர்ண லேபில் வேண்டும். அதை வெளியூரில் அடித்து வாங்கினால் கட்டுமா? சிவகாசியிலேயே அச்சகம் வந்தது. லேபில் அடித்த எந்திரம் மற்ற நாட்களில் சும்மா இருக்கலாமா? காலண்டர் அடித்தது.

எந்திரம் இருக்கிறது. காகிதம் இருக்கிறது. நல்ல படம் வேண்டுமே! அந்தப் படங்கள் கோவில்பட்டியிலிருந்து வந்தன.

நாடகம் கலைந்தது

கொண்டையராஜு பிறந்த ஆண்டு 1898. சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகச் சித்திரம் படித்தார். படித்தவர் நேரே உத்தியோகம் தேடவில்லை. திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வேலை, சீன் எழுதுவது.

அந்தக் காலத்து நாடகத்திற்கு சீன்தான் உயிர். ராஜா தர்பாரா, காடா, கைலாயமா, எல்லாம் துணியிலே எழுதிய திரைதான். பகலில் பார்த்தால் வர்ணம் கண்ணைக் குத்தும். இரவில், மங்கிய விளக்கு வெளிச்சத்தில், கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அது தெரியவேண்டும் அல்லவா! அதற்காகவே அப்படி அழுத்தி எழுதுவார்கள். இந்தப் பாடத்தை எந்தப் பள்ளியும் சொல்லித் தராது. கொட்டகைதான் சொல்லித் தந்தது.

1940-களில் சினிமா ஊர் ஊராகப் பரவியது. நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக நொடித்தன. கொண்டையராஜு இருந்த கம்பெனியும் கலைந்தது. கலைந்த இடம் கோவில்பட்டி.

கம்பெனி போனால் சம்பளம் போச்சு, சாப்பாடும் போச்சு. அவர் சென்னைக்கு ரயில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. அவரை நம்பி இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களோடு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ பிறந்தது.

போட்டோவும் உண்டு, சித்திரமும் உண்டு

பெயரே சொல்கிறது, அது ஸ்டுடியோ. போட்டோ பிடிப்பதும் அங்கே பிழைப்பு. அந்த நாளில் போட்டோ எடுக்கப் போனால் பின்னால் ஒரு திரை தொங்கும். அதில் மாளிகைத் தூண், படிக்கட்டு, பூந்தோட்டம். குடியிருப்பது ஓலைக் குடிசையானாலும், போட்டோவில் அரண்மனை வாசலில் நிற்கலாம்! அந்தத் திரை நாடக சீனுக்குத் தம்பிதான். கருப்பு வெள்ளைப் படத்திற்குக் கையால் வர்ணம் பூசுவதும், முகத்துத் தழும்பை மறைத்து "டச்" செய்வதும் அக்கால ஸ்டுடியோக்களின் அன்றாட வேலை.

கோவில்பட்டிப் படங்களைக் கவனித்துப் பார்த்தால் இந்த மூன்று வித்தையும் தெரியும். முகத்திலே போட்டோவின் நிழலும் வெளிச்சமும். பின்னணியிலே நாடக சீன். நிற்கும் நிலையிலே கோவில்.

இதற்கு முன்பே ராஜா ரவிவர்மா சாமி படங்களை அச்சிட்டுப் பரப்பியிருந்தார். 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்தவர் அவர். ஆனால் ரவிவர்மா படங்களில் தேவர்கள் பெரும்பாலும் கதை நடத்துவார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள். நாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம். கொண்டையராஜுவின் சாமிகள் நம் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். நாடக மேடையில் சாமி வேஷம் போட்டவர் சபையைப் பார்த்து நிற்பாரே, அப்படி. கர்ப்பக்கிரகத்தில் திரை விலகியதும் தெரிவது போல, அப்படி. இது சின்ன வித்தியாசம் என்று தோன்றலாம். கும்பிடுகிற பாட்டிக்கு இதுதான் எல்லாம். அவள் படத்தைப் பார்க்க வரவில்லை. சாமி தன்னைப் பார்க்க வேண்டும் என்று வருகிறாள்.

கல்லில் எழுதிய வர்ணம்

ஓவியம் சிவகாசிக்கு வந்ததும் உடனே அச்சேறாது. அப்போது லித்தோ முறை. கல்லின் மேலோ தகட்டின் மேலோ எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தைக் கையாலேயே வரையவேண்டும். தண்ணீர் தடவினால் பசை உள்ள இடத்தில் ஒட்டாது. மை உருளையை ஓட்டினால் பசை உள்ள இடத்தில் மட்டும் மை பிடிக்கும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற அடுக்களைச் சங்கதிதான் அச்சுத் தொழிலானது!

ஒரு வர்ணத்திற்கு ஒரு தகடு. மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்திற்கு ஒன்று, உதட்டின் இளஞ்சிவப்புக்குத் தனியாக ஒன்று. புள்ளி புள்ளியாக வைத்து வரைவார்கள். மயிரிழை தப்பினாலும் லட்சுமியின் கண் ஒன்றரைக் கண்ணாகிவிடும். இந்தத் தகட்டுக்காரர்களின் பெயர் எந்தக் காலண்டரிலும் இல்லை.

பின்னாளில் காமிரா வந்தது, ஆப்செட் வந்தது. காமிராவே வர்ணத்தைப் பிரித்துக் கொடுத்தது. நான்கு தகடு போதும் என்றானது. கையால் புள்ளி வைத்தவர்களுக்கு வேலை போனது. ஆனால் ஓவியரின் தூரிகைக் கோடு வேறொரு கை படாமல் அப்படியே காகிதத்தில் இறங்கியதும் அப்போதுதான். ஒருவன் சோற்றைப் பறித்த எந்திரம் இன்னொருவன் கைவண்ணத்தைக் காத்தது. இதை என்னவென்று சொல்வது!

இரண்டு கையெழுத்து

கொண்டையராஜு கல்யாணம் செய்து கொள்ளவில்லை. சீடர்கள்தான் சொந்தம். டி.எஸ்.சுப்பையா, மு.ராமலிங்கம், டி.எஸ்.அருணாசலம், செண்பகராமன், மீனாட்சிசுந்தரம் என்று பலர். சுப்பையாவோடு சேர்ந்து எழுதிய படங்களில் இருவர் கையெழுத்தும் இருக்கும். பெரிய குரு, தன் பெயருக்குப் பக்கத்தில் சீடன் பெயரையும் போட இடம் கொடுத்தார். தொழில் ரகசியத்தை மூடி வைக்கும் உலகில் இது சாதாரணம் அல்ல. சீடர்கள் தனித்தனியே படம் எழுதினார்கள். அவர்களைப் பார்த்து வேறு பலர் எழுதினார்கள். கோவில்பட்டி முகம் சிவகாசி வழியாக நாடெங்கும் போனது.

கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் கொண்டையராஜுவைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அக்கட்டுரை 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு நூலில் இருக்கிறது. அந்நியர் தேடி வந்து எழுதியவரை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காட்டியிருக்கலாம்.

பட்டாசு லேபிலிலும் லட்சுமி ஏறிக்கொண்டாள். "லட்சுமி வெடி" தெரியாத பிள்ளை உண்டா? வெடித்த பிறகு அந்தப் படம் துண்டு துண்டாகத் தெருவில் கிடக்கிறதே, காலில் மிதிபடுகிறதே என்று மனம் நொந்தவர்களும் உண்டு. வெறும் காகிதம் என்று நினைத்தால் நோவார்களா?

ஆடிப் பெருக்கன்று

கொண்டையராஜு 1976-ல் காலமானார். சிவகாசியில் ஒவ்வோர் ஆண்டும் ஆடி 18-ந் தேதி பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். ஊர் ஊராக வியாபாரிகள் அதைப் புரட்டிப் படம் தேர்ந்தெடுக்கிறார்கள். அடியில் காலியாக விட்ட இடத்தில் ஜவுளிக்கடை பெயரோ நகைக்கடை பெயரோ ஏறும். இப்போது கம்ப்யூட்டரில் வரைந்த படங்கள் வருகின்றன. அந்தப் படங்களிலும் சாமி நேராகத்தான் பார்க்கிறார்.

டிசம்பர் 31 முடிந்ததும் தேதித்தாளின் அட்டை குப்பைக்குப் போகும். படத்தை மட்டும் சுற்றி வெட்டி எடுத்து, கண்ணாடிக் கடைக்குக் கொண்டு போவார்கள். பிரேம் போட்டு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியின் மேல், சாமியின் நெற்றிக்கு நேராக, சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பார்கள்.