உயர்த்திய ஜீப்பில் எது எதை இடிக்கிறது?

காரைக்காலில் ஏறுவதற்கு மலை கிடையாது. வடக்கே மயிலாடுதுறை, தெற்கே நாகப்பட்டினம், மேற்கே திருவாரூர், கிழக்கே வங்கக்கடல். நடுவில் தட்டையான காவிரிக் கடைமடை. ஆனாலும் நான்கு சக்கரமும் உந்தும் வண்டிக்கு இங்கே வேலை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்பாதைகள் உளையாகிவிடும். இறால் குட்டைக் கரைகளில் களி சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அரசலாறு கடலில் சேரும் பக்கமோ வெறும் மணல். பழைய மகிந்திரா ஜீப்போ ஜிப்ஸியோ வைத்திருப்பவருக்கு, வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால் என்ன என்ற ஆசை வருவது இயல்பு. தூக்கிய பிறகு அடியிலிருந்து வரும் 'டொக்' சத்தம்தான் பிரச்சினை. குழியில் இறங்கும்போது ஒருமுறை, திருப்பும்போது ஒருமுறை. நிறுத்திவைத்துக் குனிந்து பார்த்தால் எல்லாமே விலகி நிற்கும். எதுவும் எதையும் தொட்டிருக்காது.

முதலில், தூக்கும்போது எது உயர்கிறது என்று பார்ப்போம். இரு சக்கரங்களையும் ஒரே குழாய் அச்சு இணைக்கும் வண்டிகளில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேசிஸும் பாடியும் மட்டுமே மேலே போகும். அச்சும், அதன் நடுவே தொங்கும் கிரவுன் உருண்டையும் பழைய இடத்திலேயே நிற்கும். சேற்றை உழுவது அந்த உருண்டைதான். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஓர் அங்குலம் ஏறும். ஸ்பிரிங்கை உயர்த்துவது பெரும்பாலும் அந்தப் பெரிய டயருக்கு இடம் விடத்தான். நம் ஊர்ச் சேற்றுக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் ஸ்பிரிங்கைத் தூக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

தூக்கியதும் சத்தம் ஏன் வருகிறது? சஸ்பென்ஷனில் எந்தப் பாகமும் நேர்கோட்டில் ஏறி இறங்குவதில்லை. ஒவ்வொரு கம்பியும் தன் ஒரு முனையை மையமாக வைத்து வில்வட்டத்தில் சுற்றுகிறது. 2023-இல் இங்கே விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அச்சு பக்கவாட்டில் நகராமல் ஒரு குறுக்குக் கம்பி பிடித்திருக்கிறது. ஒரு முனை சேசிஸில், மறுமுனை அச்சில். கணக்குக்காக அந்த மாதிரிக் கம்பி ஒன்றின் நீளம் 800 மி.மீ. என்றும், சேசிஸ் முனை அச்சு முனையைவிட 100 மி.மீ. உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வண்டியை 50 மி.மீ. தூக்கினால் உயர வேறுபாடு 150 ஆகிறது. கம்பியின் நீளம் மாறாது. ஆகவே பக்கவாட்டு அகலம் 8 மி.மீ. குறைந்து, அச்சு முழுவதும் ஒரு பக்கமாக இழுபடும். ஒரு பக்கச் சக்கரம் உள்ளே போகும், மறுபக்கம் வெளியே தள்ளும். பள்ளத்தில் அச்சு ஏறி இறங்கும்போது அதே கம்பி கிரவுன் மூடியையோ ஸ்டியரிங் கம்பியையோ தேடிப்போய் இடிக்கும்.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் கதை வேறு. மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பிலும், 1985-இல் வந்த ஜிப்ஸியிலும் பட்டைகள் அச்சுக்குக் கீழே இருக்கும். மலிவாகத் தூக்க நினைப்பவர்கள், பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக்குவார்கள். ஷாக்கிள் இருப்பது பட்டையின் ஒரு முனையில், அச்சு நிற்பது நடுவில். அதனால் 50 மி.மீ. நீளம் கூட்டினால் கிடைப்பது சுமார் 25 மி.மீ. உயரம்தான். ஆனால் ஒரு மீட்டர் நீளப் பட்டை கிட்டத்தட்ட 3 டிகிரி சாயும். கூடவே அச்சும் திரும்பும். முன் அச்சு தவறான பக்கம் திரும்பினால், கைவிட்டதும் தானே நேராகும் குணத்தை ஸ்டியரிங் இழந்துவிடும். இன்னும் சிலர் பட்டையை அச்சுக்கு மேலே மாற்றிப் பொருத்துவார்கள். உயரம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடு பட்டையோடு மோதும். அப்போது டை ராடையும், ஸ்டியரிங்கிலிருந்து வரும் டிராக் லிங்கையும் மேலே ஏற்றுவதைத் தவிர வழியில்லை. அதைச் செய்யாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்டையும் மறந்துவிடக் கூடாது. 600 மி.மீ. ஷாஃப்டில் ஒரு முனை 50 மி.மீ. உயர்ந்தால் கோணம் கிட்டத்தட்ட 5 டிகிரி கூடும். அதன் முனையிலுள்ள கிராஸ் ஜாயிண்டை 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தவர் ராபர்ட் ஹூக். ஸ்பிரிங் விதியைத் தந்தவரும் அவர்தான். அந்த ஜாயிண்டின் குணம், கோணம் இருந்தால் வெளிப்பக்கச் சுழற்சி சீராக இராது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 20 டிகிரியில் வேகம் சராசரியைவிடச் சுமார் 6 சதவீதம் கூடியும் அதே அளவு குறைந்தும் போகும். இரு முனைக் கோணங்களும் சமமானால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைத்து கிரவுனின் கோணத்தைத் திருத்துவது இதற்காகத்தான்.

எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் சுவடு தேடுங்கள். துருவேறிய சேசிஸில் காசு அளவில் ஓர் இடம் மட்டும் பளபளக்கும். பிரேக் ஹோஸின் ரப்பரில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நூல் தெரியும். பிறகு வண்டியின் சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. சுருள் ஸ்பிரிங் என்றால் அதைக் கழற்றிவிடுங்கள். பட்டை என்றால் முதன்மைப் பட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். இப்போது அச்சை ஜாக்கியால் லேசாக ஏற்றி இறக்கலாம். சந்தேகமுள்ள இடத்தில் ஒரு பாகத்துக்கு எண்ணெய் தடவி, எதிர்ப்பாகத்தில் பிசைந்த களிமண்ணை அப்புங்கள். ஆற்றுக் களிமண்ணே போதும். அச்சு மேலேறுவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் அழுந்தும்வரை அச்சை ஏற்றுங்கள். முழுவதும் தொங்கவிடுங்கள். பிறகு ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி மறுசக்கரத்தைத் தொங்கவிடுங்கள்; ஒவ்வொரு நிலையிலும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். முடிந்ததும் களிமண்ணை பிளேடால் குறுக்கே வெட்டினால் மிஞ்சியிருக்கும் கனம்தான் உண்மையான இடைவெளி. ஓடும்போது ரப்பர் புஷ் இன்னும் அழுந்தும், இரும்பும் சற்று வளையும். அதனால் ஒரு விரல் பருமனாவது மிஞ்ச வேண்டும் என்பேன்.

சரிசெய்ய எளிய வழி, அசைவைக் கொஞ்சம் கட்டுப்படுத்துவது. மேலே போகும்போது இடித்தால் பம்ப் ஸ்டாப்பை நீளமாக்கலாம். கீழே தொங்கும்போது இடித்தால் அச்சுக்கு வார்ப்பட்டை கட்டலாம். ஷாக் அப்சார்பரையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அது முழுவதும் மூடிய நீளம், பம்ப் ஸ்டாப் அழுந்திய நிலையில் இருக்கும் இடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்த அடியும் அதன் தாங்கியில் விழுந்து தாங்கி பிய்ந்துவிடும். குறுக்குக் கம்பிக்குப் பதிலாக நீளம் மாற்றத்தக்க கம்பி போட்டால் அச்சு நடுவுக்கு வரும், ஆனால் சாய்வு அப்படியேதான் இருக்கும். சேசிஸ் முனைத் தாங்கியைக் கீழே இறக்கினால் இரண்டும் சரியாகும். 2020-இல் வந்த புதிய மகிந்திரா தாரின் முன்சக்கரங்கள் தனித்தனியே அசைபவை. அங்கே சக்கரம் முழுவதும் தொங்கும்போது, அதைப் பிடித்திருக்கும் மேல்கை சுருள் ஸ்பிரிங் பக்கம் நெருங்கும். அப்படியானால் உயரத்தைக் குறைப்பதே நல்லது, அல்லது அதற்கென வடிவமைத்த மேல்கை வேண்டும். இடிக்கிற பாகத்தை கிரைண்டரால் தேய்ப்பதும், ஸ்டியரிங் கம்பியைச் சூடாக்கி வளைப்பதும் வேண்டவே வேண்டாம். பாரம் தாங்கும் இரும்பில் போடும் வெட்டு, அது பின்னால் உடையப்போகும் இடம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. காரைக்காலின் பி.ஒய். 02 எண் கொண்ட வண்டிக்கும் இது பொருந்தும். எனவே செலவழிக்கும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

வேலை முடிந்த பிறகும், களிமண்ணில் அளந்த இடைவெளி அப்படியே நிலைப்பதில்லை. புதிதாகப் பொருத்திய பட்டைகள் சில நூறு கிலோமீட்டரில் படியும், பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் தளரும். மறுபடி முறுக்கிவிட வேண்டும். இங்கே உப்புக் காற்று வேறு. பட்டைகளுக்கிடையே துரு தடிக்கும், ஷாக்கிள் போல்ட் புஷ்ஷோடு ஒட்டிக்கொள்ளும். மணலுக்குப் போய்வந்த நாளிலேயே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவி ஷாக்கிளுக்கு கிரீஸ் ஏற்றுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் களிமண் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.