பூச்சாடியில் ஒரு கஞ்சாச் செடி: வீட்டார் அறிந்திருக்க வேண்டியவை

அறைக்குள்ளேயே விதையிலிருந்து கஞ்சாச் செடியை வளர்த்தெடுப்பது எவ்வாறு என்று ஆரம்பநிலையாளருக்குக் கற்பிக்கும் காணொளிகளும் குறிப்புகளும், கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் எந்தவோர் இளைஞனின் பார்வைக்கும் இன்று எட்டக்கூடியனவாக உள்ளன. அவற்றுள் பல, கனடாவிலோ ஜேர்மனியிலோ அமெரிக்காவின் சில மாநிலங்களிலோ வாழ்வோருக்காக ஆக்கப்பட்டவை. கனடாவில் 2018 ஒக்டோபர் முதல் வீடொன்றில் நான்கு செடிகள் வரை வளர்ப்பதற்கு மத்திய சட்டம் இடமளிக்கின்றது. ஜேர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவர் மூன்று செடிகளை வளர்க்கலாம். அங்கு சட்டம் அனுமதிக்கும் அதே செயல், மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு வீட்டின் பின்னறையில் நிகழும்போது தண்டனைக்குரிய குற்றமாகிவிடுகின்றது. இந்த வேறுபாட்டை அக்காணொளிகள் சொல்வதில்லை. ஆகவே அதை இங்கு தெளிவுபடுத்துவது அவசியமாகின்றது.

சட்டத்தின் நிலை

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டமாகும். 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதன் தண்டனைகளைக் கடுமையாக்கியது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 'ஐஸ்' எனப்படும் போதைப்பொருளையும் கடும் தண்டனைக்குரியவற்றின் வரிசையில் சேர்த்தது. இச்சட்டத்தின்படி, உரிய அனுமதிப்பத்திரமின்றிக் கஞ்சாச் செடியை விதைப்பதும் நடுவதும் வளர்ப்பதும் உடைமையில் வைத்திருப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன. காட்டில் ஏக்கர் கணக்கில் பயிரிட்டவருக்கும் சாடியில் ஒரு செடி வைத்தவருக்கும் தண்டனையின் அளவு வேறுபடலாம். இருவரும் குற்றவாளிகளே என்பதில் வேறுபாடு இல்லை.

பொத்துவிலிலிருந்து மொனராகலை நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்துள்ள சியம்பலாண்டுவைப் பிரதேசக் காடுகளில் கஞ்சாச் சேனைகளை விசேட அதிரடிப்படையினர் சுற்றிவளைத்து அழிக்கும் செய்திகள் எமது வாசகர்களுக்குப் புதியவையல்ல. வட கடல்வழியாக வரும் 'கேரளக் கஞ்சா' பற்றிய செய்திகளும் அவ்வாறே. இவ்விரண்டையும் அறிந்த இளைஞர் சிலர், "வாங்கினால் அகப்படுவோம், வீட்டில் வளர்த்தால் எவருக்கும் தெரியாது" எனக் கணக்கிடக்கூடும். இக்கணக்கு பிழையானது. வாங்கிய கஞ்சாவுக்கு உடைமை என்ற குற்றச்சாட்டு எழுகின்றது. வளர்த்த செடிக்கோ உடைமையுடன் பயிரிடுதல் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்கின்றது. மேலும், பூக்கும் பருவத்தில் அச்செடியின் கடும் வாசனை, மதிலோடு மதில் ஒட்டிய எமது ஊர்களில் மறைக்கக்கூடியதன்று.

மூன்று தவறான எண்ணங்கள்

முதலாவது, "தண்டப்பணம் கட்டினால் முடிந்துவிடும்" என்பது. நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டவரின் பெயர் பொலிஸ் பதிவேடுகளில் இடம்பெறுகின்றது. வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கும் குடியேற்ற விசாவுக்கும் கோரப்படும் பொலிஸ் நற்சான்று அறிக்கையில் அது தடையாக வந்து நிற்கும். கட்டார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளின் உழைப்பை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த இக்கரையோரத்தில், ஒரு செடிக்காக இழக்கப்படுவது ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வருமானமாகவும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, "கஞ்சா மருந்துதானே" என்பது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்று மருத்துவ முறைகளிலும் கஞ்சாவுக்கு இடமுண்டு என்பது உண்மையே. 'மதன மோதகம்' போன்ற மருந்துகளில் அது சேர்கின்றது. ஆனால் அதற்குரிய வழி அரச நிறுவனங்களினூடாகவே அமைந்துள்ளது. நீதிமன்ற வழக்குகளில் பறிமுதலான கஞ்சா ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்கு வழங்கப்பட்டு, சுத்திகரிக்கப்பட்டுப் பயன்படுத்தப்படுகின்றது. வைத்தியரின் மருந்துச் சீட்டு எவருக்கும் செடி வளர்க்கும் உரிமையைத் தருவதில்லை.

மூன்றாவது, "அரசாங்கமே அனுமதித்துவிட்டது" என்பது. 2025ஆம் ஆண்டில் மீரிகமவில் முதலீட்டுச் சபையின் அனுமதியுடன் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காக ஒரு மருத்துவக் கஞ்சாச் செய்கைத் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. அது முற்றிலும் ஏற்றுமதிக்கானது. அதன் விளைச்சல் உள்நாட்டுச் சந்தைக்கு வரக்கூடாது என்பது அதன் நிபந்தனை. அதைக் காட்டி வீட்டில் ஒரு விதையை ஊன்றுவோருக்கு நீதிமன்றத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. தாய்லாந்தின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிய அந்நாடே, 2025 ஜூனில் அதன் விற்பனையை மருந்துச் சீட்டுடன் மட்டுப்படுத்தியது.

அறைக்குள் வளரும் செடியின் வீரியம்

"இயற்கையான மூலிகை" என்ற வாதமும் ஆராயப்பட வேண்டியதாகும். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. போதையூட்டும் டெட்ராஹைட்ரோகன்னாபினோல் என்ற பொருள், பெண் பூக்களின் பிசினிலேயே அதிகமாகச் சேர்கின்றது. செயற்கை ஒளியில் வளர்க்கப்படும் இன்றைய வகைகள், அந்தப் பொருளைக் கூட்டுவதையே நோக்கமாகக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவை. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவைப் பரிசோதித்தபோது, 1995இல் சுமார் 4 வீதமாக இருந்த அதன் அளவு 2014இல் சுமார் 12 வீதமாக உயர்ந்திருந்தது. பாட்டனார் காலத்துக் கஞ்சாவும் இன்றைய கஞ்சாவும் ஒன்றல்ல.

இளமூளைக்கு இது விளைவிக்கும் தீங்கு பற்றிய ஆய்வுகளுள் சுவீடனில் செய்யப்பட்டது முக்கியமானது. 1969-70 காலப்பகுதியில் படைச்சேவைக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த அந்த ஆய்வு 1987இல் வெளியானது. கஞ்சாவை ஐம்பது தடவைகளுக்கு மேல் பயன்படுத்தியிருந்தவர்களிடம் மனச்சிதைவு நோய் ஏற்படும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களை விட ஆறு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. வேறு காரணிகளும் அதில் பங்களித்திருக்கலாம் என்பதை ஆய்வாளர்கள் மறுக்கவில்லை. எனினும், எவ்வளவு இளம் வயதில் தொடங்கி எவ்வளவு அதிகமாகப் பயன்படுத்துகின்றாரோ அவ்வளவுக்கு அபாயம் கூடுகின்றது என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின.

கரையோர ஈரப்பதத்தில் மூடிய அறையொன்றில் வளர்க்கப்படும் செடியில் பூஞ்சணம் பற்றுவதும், முறையற்ற மின்னிணைப்பால் தீவிபத்து நேர்வதும் இதற்கு மேலதிகமான அபாயங்களாகும்.

மார்க்கத்தின் பார்வை

கஞ்சா திராட்சை மதுவல்ல, ஆகவே அது விலக்கப்படவில்லை என்று வாதிடுவோர் முற்காலத்திலும் இருந்தனர். அவ்வாதத்துக்கு மறுமொழியாக, 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த ஷாபிஈ அறிஞர் பத்ருத்தீன் அஸ்ஸர்கஷி, ஹஷீஷ் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். அறிவை மயக்கும் தன்மையே தடைக்குரிய காரணம், அது எந்தத் தாவரத்திலிருந்து வந்தது என்பதன்று என்பதே அறிஞர் பெருமக்களின் நிலைப்பாடாக இருந்து வந்துள்ளது. இமாம் கஸ்ஸாலி வகுத்துக் காட்டிய ஐந்து அடிப்படைப் பாதுகாப்புகளுள் அறிவைப் பாதுகாத்தலும் ஒன்றென்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

செய்ய வேண்டியது என்ன?

மகனின் அறையில் ஒரு செடியையோ, வழமைக்கு மாறான விளக்குகளையோ காணும் பெற்றோர் அதை மூடி மறைப்பதும், அவனை அடித்து வீட்டை விட்டுத் துரத்துவதும் ஒருசேரத் தவறானவை. மறைத்தால் வீட்டாரும் விசாரணைக்கு ஆளாக நேரிடும். துரத்தினால் அவன் 'ஐஸ்' விற்போரின் கைகளில் விழுவான். நம்பிக்கைக்குரிய ஒரு சட்டத்தரணியின் ஆலோசனையையும் ஒரு வைத்தியரின் ஆலோசனையையும் தாமதமின்றிப் பெறுவதே அறிவுடைமை. 1984இல் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம்.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. அச்சபையின் நெடுநாளைய சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் அமைந்தவை. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வாழும் ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் செல்வது எளிதன்று. எமது கரையோர வைத்தியசாலைகளில் தமிழில் உளவள ஆலோசனை வழங்கும் போதிய ஏற்பாடுகளை விரிவாக்குமாறு மக்கள் பிரதிநிதிகளும் பள்ளிவாசல், கோயில் நிருவாகங்களும் ஒருமித்துக் கோர வேண்டும். சுற்றிவளைப்புகள் செடியைப் பிடுங்கலாம். அதை ஊன்றிய இளைஞனை மீட்டெடுக்கும் கடமை சமூகத்தினுடையதே.