நடுவர் வேலையைப் போனே பார்க்கும்போது: ஆன்லைன் விளையாட்டு ஏமாற்று ஏன் ஒழியவில்லை

ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் ‘ஹேக்’ என்று பையன்கள் சொல்வது பல வித்தைகளுக்கான பொதுப்பெயர். சுவருக்கு அந்தப் பக்கம் பதுங்கியிருக்கும் எதிரியைத் திரையில் காட்டிக்கொடுப்பது ‘வால் ஹேக்’. துப்பாக்கியின் குறியைத் தானாகவே எதிரியின் தலைக்கு இழுத்துச் செல்வது ‘எய்ம்பாட்’. சுடும்போது துப்பாக்கி எகிறாமல் பிடித்துவைக்கும் நிரல் உண்டு. ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டும் நிரலும் உண்டு. ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ போன்ற போன் விளையாட்டுகளுக்கு இவை பெரும்பாலும் ‘மோட் ஏபிகே’யாக வருகின்றன. அசல் செயலியைப் பிரித்து, வேண்டியதை உள்ளே செருகி, மறுபடி கட்டிய பொட்டலம் அது. டெலிகிராம் குழுக்களில் வாரத்துக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று சந்தா போட்டு விற்கிறார்கள்.

இதை ஒழிக்க முடியாததற்கு நிறுவனங்களின் மெத்தனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது (மெத்தனமும் இருக்கத்தான் செய்கிறது). யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்ற கணக்கைத் தொலைவிலுள்ள சர்வர் வைத்திருக்கிறது. காட்சியை வரைவதோ ஆடுபவரின் போன். மூலை திரும்பியதும் எதிரி கண்ணில் பட வேண்டுமானால், திரும்புவதற்கு முன்பே அவன் நிற்கும் இடம் போனுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அசல் செயலி அதை மறைத்து வைத்திருந்து உரிய நேரத்தில் காட்டும். மோட் செயலி உடனே காட்டிவிடும். வால் ஹேக் சர்வருக்குள் புகுந்து எதையும் எடுப்பதில்லை; ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட தகவலைத்தான் படிக்கிறது. 2020இல் வெளியான வேலரண்ட் விளையாட்டில், எதிரி பார்வைக்கு வரப்போகும் தறுவாயில்தான் அவன் இருக்குமிடத்தை சர்வர் அனுப்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சர்வருக்கு வேலை கூடுகிறது. இணைப்பு மெதுவாக இருந்தால் எதிரி திடீரென்று முளைத்தது போலத் தெரிவான்.

ஆடும் கருவி யாருடையது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் தேனி மாவட்டப் போடிநாயக்கனூரில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே ஏலக்காய்க்கு நறுமணப் பொருட்கள் வாரியம் மின்னணு ஏலம் நடத்துகிறது. வியாபாரிகள் கூடத்தில் உட்கார்ந்து, மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்து, மையத்தின் கணினியில் விலை கேட்கிறார்கள். வீட்டிலிருந்து திருத்திய மென்பொருளைக் கொண்டுவந்து யாரும் அதில் ஓட்ட முடியாது. அங்கே எழும் புகார்கள் வேறு வகை. ஏலத்தில் வாங்கிய காயே மறுபடி ஏலத்துக்கு வருகிறது என்ற ‘ரீ-பூலிங்’ குற்றச்சாட்டு தோட்டக்காரர்களிடம் நெடுநாளாக உண்டு.

விளையாட்டு உலகில் இந்த ஏலக்கூடத்துக்கு இணையானது, எல்லோரையும் ஒரே அரங்கில் உட்கார வைத்து ஆடவிடும் ‘லேன்’ போட்டி. அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆசியப் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணியில் ‘ஃபோர்சேக்கன்’ என்ற பெயரில் ஆடியவர், குறிபார்க்க உதவும் நிரலோடு பிடிபட்டார். நடுவர் கணினியைச் சோதிக்க வந்தபோது அவர் அந்தக் கோப்பை அவசரமாக மூடி அழிக்கப் பார்த்தார். கோப்புக்கு வைத்திருந்த பெயர் ‘வேர்ட்’. அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது, பிறகு கலைக்கப்பட்டது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை விழுந்தது.

அரங்கை விட்டு வெளியே வந்தால் தொலைவும் தாமதமும் சேர்ந்துகொள்கின்றன. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சரிவுகளிலும் குரங்கணி, கொட்டகுடிப் பக்கமும் மலை மடிப்புகள் டவரை மறைக்கின்றன. ஒரு வளைவில் முழு சிக்னல், அடுத்த வளைவில் ஒன்றுமில்லை. அங்கிருந்து ஆடுபவரின் திரை ஓரத்தில் ‘பிங்’ எண் 60லிருந்து 300க்குத் தாவி, பச்சை சிவப்பாகும். அந்த எண் மில்லிவினாடி. 300 என்றால் போனிலிருந்து சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப வினாடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. இதனால் தோற்பவருக்கு அநியாயம் நடக்காமலிருக்க, பல விளையாட்டுகளில் சர்வர் நேரத்தைச் சற்றே பின்னோக்கி ஓட்டி, சுட்டவரின் திரையில் அந்தக் கணத்தில் குறி சரியாக இருந்ததா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். பலன், சுவருக்குப் பின்னால் ஒளிந்துவிட்டதாக நினைத்தவர் சுடப்பட்டுச் சாகிறார். எதிரே இருப்பவர் கண்ணுக்கோ மலைக்காரர் நடக்காமல் தாவித் தாவி வருகிறார். ‘ஹேக்கர்டா’ என்று ரிப்போர்ட் அடிக்கிறார்.

தாமதத்துக்குச் சர்வர் காட்டும் இந்த இரக்கத்தையே ஏமாற்றுக்காரர்களும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ‘லேக் ஸ்விட்ச்’ என்பது வேண்டுமென்றே இணைப்பைச் சில கணம் துண்டித்து, எதிரி உறைந்து நிற்கையில் சுட்டுவிட்டு மீண்டும் இணைவது. சர்வருக்கு வந்து சேர்வது ஒரே மாதிரியான இடைவெளிதான்: மலையில் டவர் போனதா, நகரத்தில் ஒருவர் பொத்தானை அழுத்தினாரா என்று அதில் எழுதியிருக்காது. விதியைக் கடுமையாக்கினால் கொட்டகுடிப் பையன் வெளியே தள்ளப்படுவான்; தளர்த்தினால் பொத்தான்காரர் பிழைப்பார். எந்த நிறுவனமும் இதற்கு இரு தரப்புக்கும் நியாயமான எல்லையைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது.

ஏமாற்றைப் பிடிக்கும் மென்பொருள்கள் முதலில் கையாண்டது அடையாளம் பார்க்கும் முறை. வால்வ் நிறுவனத்தின் ‘வேக்’ 2002இலேயே வந்தது. தெரிந்த ஹேக் நிரல்களின் தடயத்தைக் கணினியில் தேடும். நிரலைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் தடயமும் மாறிவிடும். அடுத்து, இயங்குதளத்தின் அடிமட்டம்வரை இறங்கும் காவல் நிரல்கள் வந்தன. வேலரண்ட்டின் ‘வேன்கார்ட்’ கணினியைப் போட்டதுமே விழித்துக்கொள்கிறது. ஒரு விளையாட்டுக்காக இவ்வளவு அதிகாரமா என்று எதிர்ப்பும் கிளம்பியது. போனில் அந்த வழியும் இல்லை. ஆண்ட்ராய்டு சாதாரணச் செயலிக்கு அத்தகைய உரிமை தராது. ஆனால் பூட்டுகளை உடைத்து ‘ரூட்’ செய்த போனில் ஹேக் நிரலுக்கு அந்த உரிமை கிடைத்துவிடும். பிடிக்க வேண்டியவரைவிடப் பிடிபட வேண்டியவருக்கு அதிகாரம் கூடுதல்.

மிச்சமிருப்பது ஆட்டத்தை வைத்தே ஆளை எடைபோடுவது. இதைச் சதுரங்கத்தில்தான் நன்றாகப் பார்க்கலாம். அங்கே மறைக்க எதுவுமில்லை. பலகை இருவருக்கும் திறந்திருக்கிறது. ஏமாற்று நடப்பது பக்கத்தில் வைத்திருக்கும் இன்னொரு போனில், உலக சாம்பியனையும் தோற்கடிக்கும் நிரலில். 2021 ஜூன் 13 அன்று கொரோனா நிவாரண நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்களோடு ஆன்லைனில் ஆடியபோது, தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றார். மறுநாளே, கணினியும் ஆட்டத்தை அலசிச் சொன்ன ஆட்களும் துணை செய்ததாக அவரே ஒப்புக்கொண்டார். செஸ்.காம் அவர் கணக்கை முடக்கி, பிறகு திருப்பிக் கொடுத்தது. அந்த ஆட்டத்தில் சந்தேகப்பட நிபுணர் தேவைப்படவில்லை: கற்றுக்குட்டி ஒருவர் ஐந்து முறை உலக சாம்பியனானவரை வென்றிருந்தார்.

நன்றாக ஆடத் தெரிந்தவர் ஏமாற்றினால் கதை வேறு. அவருக்கு ஒரு ஆட்டத்தில் ஒன்றிரண்டு நகர்த்தல்களுக்கு உதவி கிடைத்தால் போதும். அமெரிக்க வீரர் ஹான்ஸ் நீமன் பற்றி 2022 அக்டோபரில் செஸ்.காம் 72 பக்க அறிக்கை வெளியிட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்லைன் ஆட்டங்களில் அவர் ஏமாற்றியிருக்கலாம் என்றது. அவர் அவ்வளவை ஏற்கவில்லை. புள்ளிவிவரம் ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்லும். பத்தாயிரத்தில் ஒருமுறை மட்டுமே தவறும் கணிப்பானாலும், பத்து லட்சம் நேர்மையானவர்களைச் சோதித்தால் நூறு பேர் வீணாகத் தண்டிக்கப்படுவார்கள்.

பிடிபட்டவரைத் தண்டிப்பதும் லேசல்ல. எந்த நிரல் எப்போது மாட்டியது என்று செய்தவருக்குத் தெரியாமலிருக்க, நிறுவனங்கள் பல கணக்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தாமதமாக முடக்குகின்றன. அதுவரை மற்றவர்கள் அடி வாங்க வேண்டும். விளையாட்டு இலவசம் என்பதால் புது ஐடி போட நிமிடங்கள் போதும். இணைய முகவரியை முடக்கலாம் என்றால், செல்போன் இணையத்தில் ஒரே முகவரிக்குப் பின்னால் பலநூறு பேர் இருப்பதுண்டு. போனையே முடக்கினால், அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் மாட்டிக்கொள்வார்.

செய்து விற்பவரைப் பிடிப்பது இதைவிடப் பயன் தருகிறது. 2021இல் சீனக் காவல்துறை, டென்சென்ட் நிறுவனத்தின் துணையோடு ஒரு கும்பலைப் பிடித்து 17 ஹேக் நிரல்களை அழித்தது. தென்கொரியா ஹேக் நிரல் செய்வதையும் பரப்புவதையும் தனிக் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் விவாதம் வேறு முனையிலிருந்து தொடங்கியது. ஆன்லைன் ரம்மி தடை வழக்கில் அரசு எழுப்பிய ஐயங்களில் ஒன்று, எதிரே ஆடுவது மனிதரா நிறுவனமே இறக்கிய ‘பாட்’ என்ற தானியங்கி நிரலா என்று ஆடுபவருக்குத் தெரியாது என்பது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. மோட் ஏபிகே விற்பவருக்கென்று அதில் தனிப் பிரிவு எதுவும் இல்லை.