கட்டடப் பொருள்களின் வழியே வெப்பக் கடப்பு: கான்கிரீட் கூரையை முன்வைத்து ஒரு கணக்கீடு

முன்னுரை

குளிர்நாட்டுக் கட்டடவியல் நூல்கள் ‘வெப்ப இழப்பு’ எனக் கணக்கிடுவதை வெப்பநாடுகளில் ‘வெப்ப வரவு’ எனத் திசைமாற்றிப் பயன்படுத்துகிறோம். ஆனால், திசையை மாற்றுவது மட்டும் போதாது. புறவெப்பநிலையாக எதனைக் கொள்கிறோம் என்பதையும் மாற்ற வேண்டும். தமிழகத்தில் பெருகிவிட்ட கான்கிரீட் கூரையைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

கணக்கீட்டு முறை

ஓர் அடுக்கின் தடிமனை அப்பொருளின் வெப்பக் கடத்துத்திறனால் வகுத்தால் வெப்பத்தடை கிடைக்கும். எல்லா அடுக்குகளின் தடைகளோடு, உள்ளும் புறமும் பரப்பை ஒட்டிய காற்றுப்படலங்களின் தடைகளையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையின் தலைகீழி ‘வெப்பக் கடப்பெண்’ ஆகும். இதனைப் பரப்பளவாலும் வெப்பநிலை வேறுபாட்டாலும் பெருக்கினால் வெப்ப ஓட்டம் வாட் அலகில் கிடைக்கும்.

கூரையின் கடப்பெண்

150 மி.மீ. கான்கிரீட்டின் கடத்துத்திறனை 1.58 எனக் கொண்டால் அதன் தடை 0.095. உட்புறச் சிமெண்டுப் பூச்சின் தடை 0.017, காற்றுப்படலங்களின் தடை 0.21. மொத்தத் தடை 0.322; எனவே கடப்பெண் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 3.1 வாட். இந்திய மின் அமைச்சகம் 2018இல் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ கூரைக்கு விதிக்கும் உச்சவரம்பு 1.2. கான்கிரீட்டைத் தடிமனாக்கி இவ்வரம்பை எட்ட மேலும் ஏறத்தாழ 80 செ.மீ. தேவை. கடத்துத்திறன் 0.035 உடைய தெர்மோகோல் பலகையாயின் 2 செ.மீ. போதும், கடப்பெண் 1.1 ஆகக் குறையும்.

வெயிலின் பங்கு

12 ச.மீ. கூரை; வெளிக்காற்று 38 °செ; அறை 30 °செ எனக் கொள்வோம். காற்று வெப்பநிலையை மட்டும் கருதினால் வெப்ப வரவு ஏறத்தாழ 300 வாட். ஆனால், நண்பகலில் ச.மீ.க்கு 900 வாட் கதிர்வீச்சு விழ, சாம்பல்நிறத் தளம் அதில் 65 விழுக்காட்டை உட்கவர்ந்தால் புறவெப்பநிலையோடு 23 °செ கூடும். தளம் வானை நோக்கி இழக்கும் வெப்பத்திற்காக 4 °செ கழித்தால் வேறுபாடு 8 அன்று, 27. வெப்ப வரவு ஏறத்தாழ 1,000 வாட். உட்கவர்வை 25 விழுக்காடாகக் குறைக்கும் வெள்ளைப்பூச்சு இதனை 480 வாட்டாகவும், தெர்மோகோல் மட்டும் 360 வாட்டாகவும், இரண்டும் சேர்ந்து 175 வாட்டாகவும் குறைக்கும்.

முடிவுரை

காற்று வெப்பநிலையை மட்டும் கொண்ட கணக்கீடு வெப்ப வரவில் மூன்றில் ஒரு பங்கைக்கூடக் காட்டுவதில்லை. இங்குக் கண்டது மாறாநிலைக் கணக்கீடு. கான்கிரீட் பகலில் தேக்கிய வெப்பத்தை அந்திக்குப் பின்னரும் அறைக்குள் விடுவதை இது காட்டாது. வெள்ளைப்பூச்சும் அழுக்கேறினால் பயன் குறையும். எனினும், கூரைப் பொருளைத் தேர்வதற்குரிய முதற்கணக்கீட்டில் வெயிலைச் சேர்ப்பது இன்றியமையாதது.