அருளின் ஆட்சியில் வாழ்வோம்



ஒப்புரவு அருளடையாளத்துக்காக வரிசையில் நிற்கும்போது நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் வருவதுண்டு. போன தடவை சொன்ன அதே பாவங்களைத்தானே இந்தத் தடவையும் சொல்லப் போகிறோம்! அதே கோபம், அதே பொய், அதே குடி, கைபேசியில் அதே தகாத காட்சிகள், அடுத்த வீட்டாரைப் பற்றி அதே புறணி. குருவானவர் பாவமன்னிப்பு வழங்குகிறார். மனம் இலேசாகி வீட்டுக்குப் போகிறோம். மூன்றாம் நாளோ முப்பதாம் நாளோ மறுபடியும் அதிலேயே விழுகிறோம்.

இப்படிப் பல முறை நடந்தபின் நாம் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுகிறோம். “எத்தனை தரம் விழுந்தாலும் மன்னிப்பு உண்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது ஒன்று. “நமக்கெல்லாம் இது சரிப்படாது, கடவுளை ஏமாற்றுவதைவிடப் போகாமலே இருப்பது மேல்” என்பது இன்னொன்று. முதலாவது முடிவு அருளை மலிவாக்குகிறது. இரண்டாவது முடிவு நம்மைக் கோவிலைவிட்டே விலக்குகிறது. பாவத்திலிருந்து விடுதலை பெற்றவர்கள் நாம் என்று திருச்சபை கற்பிப்பதன் பொருள் என்ன என்று இன்று சேர்ந்து சிந்திப்போம்.

ஏறக்குறைய கி.பி. 57ஆம் ஆண்டில், கொரிந்து நகரிலிருந்து உரோமைக் கிறிஸ்தவர்களுக்குத் திருத்தூதர் பவுல் மடல் எழுதினார். அதன் ஆறாம் அதிகாரத்தில் இதே கேள்வியைத்தான் அவர் எடுத்துக்கொள்கிறார். பாவம் மிகுந்த இடத்தில் அருள் அதைவிட மிகுதியாகப் பொங்கியது என்றால், அருள் இன்னும் பெருகட்டும் என்று பாவத்திலேயே இருந்துவிடலாமா? ஒருபோதும் கூடாது என்கிறார் பவுல். நாம் பாவத்துக்கு இறந்துபோனவர்கள் என்பதே அவர் காட்டும் காரணம்.

இதை உரோமையில் கேட்டவர்களுக்கு அடிமை வாழ்வு நன்றாகத் தெரியும். அந்தத் திருச்சபையிலேயே அடிமைகளும் முன்னாள் அடிமைகளும் இருந்தார்கள். உரோமைச் சட்டப்படி விடுதலை பெற்ற அடிமைகூடத் தன் பழைய தலைவனுக்குச் சில கடமைகளைச் செய்யவேண்டியிருந்தது. பழைய பிடி முழுவதும் விடுவதில்லை. ஆனால் இறந்துபோன அடிமையிடம் எந்தத் தலைவன் வேலை வாங்க முடியும்? மரணத்தோடு அந்த உரிமை முடிந்துவிடுகிறது. திருமுழுக்கில் நாம் கிறிஸ்துவோடு இறந்து, அவரோடு அடக்கம் செய்யப்பட்டு, புது வாழ்வுக்கு எழுந்தோம் என்று பவுல் சொல்வது இதனால்தான். பழங்காலத் திருமுழுக்குத் தொட்டிகள் பல, தரையில் குழிபோல் அமைந்திருந்தன. படிகளில் இறங்குவது கல்லறைக்குள் இறங்குவதைக் காட்டியது. ஏறிவருவது உயிர்ப்பைக் காட்டியது.

ஆகவே பாவத்துக்கு நம்மேல் இப்போது உரிமைப் பத்திரம் எதுவும் இல்லை. ஆனாலும் பழைய எசமான் தெருவில் நின்று நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். பல வருடப் பழக்கத்தால் நாமும் திரும்பிப் பார்த்துவிடுகிறோம். சில நேரம் பின்னாலேயே போய்விடுகிறோம். அப்படிப் போவது பாவம். ஆனால் கூப்பிடும் குரல் காதில் விழுவது பாவமன்று. 1546ஆம் ஆண்டில் திரிதெந்தின் பொதுச்சங்கம் இதைத் தெளிவாக வரையறுத்தது. திருமுழுக்குப் பெற்ற பிறகும் தீய நாட்டம் நம்மில் தங்கியிருக்கிறது, நாம் போராடுவதற்காகவே அது விடப்பட்டிருக்கிறது, அதற்கு இணங்காதவர்களுக்கு அது தீங்கு செய்யாது என்று அச்சங்கம் கற்பித்தது. சோதனை வந்ததாலேயே “நான் இன்னும் மாறவில்லை” என்று நாம் மனம் உடைய வேண்டியதில்லை.

இந்த அதிகாரத்தின் முடிவில் பவுல் இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகிறார். பாவம் தன்னிடம் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. அந்தச் சம்பளம் சாவு. இதற்கு அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல், போர்வீரர்களின் படிக்காசைக் குறிக்கும் சொல். கடவுளைப் பற்றிப் பேசும்போது அவர் சம்பளம் என்ற சொல்லையே விட்டுவிட்டு, கொடை என்கிறார். நம் பெரியவர்கள் ஞானோபதேசத்தில் ‘தேவ இஷ்டப்பிரசாதம்’ என்று படித்தது இதைத்தான். பிரசாதத்தை யாரும் விலைகொடுத்து வாங்குவதில்லை, கையேந்திப் பெற்றுக்கொள்கிறோம். அதுவும் இஷ்டப்பிரசாதம், கடவுள் நம்மேல் கொண்ட பிரியத்தால் தருவது. சாவான பாவத்தால் அதை நாம் இழந்துபோனாலும், ஒப்புரவு அருளடையாளத்தில் அவர் அதைத் திரும்பத் தருகிறார். முன்பு தந்ததில் மிச்சம் மீதியைத் தருவதில்லை, தம் வாழ்வையே மறுபடியும் தருகிறார்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, நடைமுறையில் எப்படி என்று நாம் கேட்கலாம். இரண்டு பேருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

முதலாமவர் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரைச் சேர்ந்த மாட் டால்பட். 1856ஆம் ஆண்டில் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே குடியும் தொற்றிக்கொண்டது. கூலியெல்லாம் மதுக்கடைக்குப் போயிற்று. தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவருடைய பிடிலையே திருடி விற்றுக் குடித்ததும் நடந்தது. 1884ஆம் ஆண்டில் ஒரு நாள் கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றார். தாம் எத்தனையோ முறை வாங்கிக் கொடுத்த நண்பர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, குடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கப் போவதாகத் தாயிடம் சொன்னார். குருவானவரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். மூன்று மாதத்துக்கு மட்டும் வாக்குக் கொடுத்தார். பிறகு அதை நீட்டினார். கடைசியில் வாழ்நாள் முழுவதற்கும் கொடுத்தார்.

அந்த முதல் மாதங்கள் அவருக்கு நரகமாய் இருந்தன. அவர் செய்தவற்றைக் கவனிப்போம். சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதையே விட்டார், மதுக்கடையைத் தாண்டும்போது உள்ளே போகாமலிருக்க. குடிக்கப் போகும் மாலை நேரங்களில் கோவிலுக்குப் போனார். விடியற்காலைத் திருப்பலியில் தினமும் நற்கருணை வாங்கினார். பழைய கடன்களை அடைத்தார். பிடில்காரரைத் தேடித் திரிந்தார். கிடைக்காதபோது அந்தப் பணத்தை அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கொடுத்தார். மரக்கிடங்கில் கூலித்தொழிலாளியாகவே இருந்து, 41 ஆண்டுகள் குடியைத் தொடாமல் வாழ்ந்தார். 1925 ஜூன் 7, மூவொரு கடவுள் பெருவிழாவன்று, திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 1975ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

அருள் அவருடைய கால்களையும் சட்டைப்பையையும் மாலைப் பொழுதையும் மாற்றியது. வேண்டிக்கொண்டு மதுக்கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தால் அது அருளை நம்புவதாகாது, அருளைச் சோதிப்பதாகும்.

இரண்டாமவருடைய கதை வேறுமாதிரியானது. அவர் சீன நாட்டு மருத்துவர், மாற்கு ஜி தியான்சியாங். 1834இல் பிறந்தவர், ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். வயிற்று நோய்க்கு மருந்தாக அபினி சாப்பிடத் தொடங்கி அதற்கு அடிமையானார். திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தார், திரும்பத் திரும்ப விழுந்தார். அந்தக் காலத்தில் பலர் இதை ஒரு நோயாக அறிந்திருக்கவில்லை. இவருக்கு உண்மையான மனத்துயர் இல்லை என்று நினைத்த குருவானவர், அபினியை விட்டுவிட்டு வரும்படி சொல்லிவிட்டார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவருக்கு அருளடையாளங்கள் கிடைக்கவில்லை. எந்த நாளும் நற்கருணை வாங்க முடியாத நிலையிலும் அவர் கோவிலைவிட்டுப் போகவில்லை. செபத்தை விடவில்லை. தனக்கு வேறு வழி தெரியவில்லை, மறைச்சாட்சியாக இறக்கும் வரம் வேண்டும் என்று மன்றாடினார்.

1900ஆம் ஆண்டில் பாக்ஸர் கிளர்ச்சியின்போது அவரும் அவர் குடும்பத்தார் பலரும் பிடிபட்டார்கள். தம் வீட்டார் ஒருவரும் தனியாகச் சாகக்கூடாது என்று, தம்மைக் கடைசியாகக் கொல்லும்படி கேட்டுக்கொண்டார். மாதாவின் மன்றாட்டு மாலையைப் பாடிக்கொண்டே ஜூலை 7ஆம் நாள் உயிர்கொடுத்தார். அபினி அவரைக் கடைசிவரை விட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கிறிஸ்துவை மறுதலிக்க அபினியாலும் அவரை வைக்க முடியவில்லை. 2000 அக்டோபர் 1ஆம் நாள், சீன மறைச்சாட்சிகள் 120 பேரில் ஒருவராக, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

ஒருவர் விடுபட்டார், இன்னொருவர் போராடிக்கொண்டே இறந்தார். இருவரும் அருளின் ஆட்சியில்தான் வாழ்ந்தார்கள். விழுவது வேறு, ஆளப்படுவது வேறு. விழுந்தபின் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புகிறோம் என்பதில்தான் நம் தலைவர் யார் என்பது தெரிகிறது.

இதைக் கேட்டுவிட்டு, போராடாமல் இருப்பதற்கு யாரும் சாக்குத் தேடவேண்டாம். புனித மாற்கு 30 ஆண்டுகள் தம் பாவத்தை நியாயப்படுத்தவில்லை. அதேநேரம், ஊறிப்போன பழக்கமும் வேறு உளக் காரணங்களும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கவும் கூடும் என்று, 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1735ஆம் எண்ணில் சொல்கிறது. எவ்வளவு என்று அளப்பது கடவுளின் வேலை. நம் வேலை எழுந்து நடப்பது.

எப்படி நடப்போம்? முதலாவதாக, விழுந்தால் நாள் கடத்தாமல் ஒப்புரவு அருளடையாளத்தை நாடுவோம். அதே பாவத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கலாம். அதே நோய்க்கு மருத்துவரிடம் மறுபடி போக நாம் வெட்கப்படுவதில்லையே! இரண்டாவதாக, எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு இருக்கும்போது விழுகிறோம் என்று பார்த்து, அதில் ஒன்றையாவது இந்த வாரமே மாற்றுவோம். கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பதும், வேறு தெரு வழியாக வீட்டுக்கு வருவதும் சின்னக் காரியங்கள் அல்ல. மூன்றாவதாக, குடிநோய்க்கு மருத்துவரையும் ஏ.ஏ. குழுவையும் நாடுவது விசுவாசக் குறைவன்று. கடவுளின் அருள் அந்த வாசல் வழியாகவும் வரும்.

குடும்பத்தில் இப்படிப் போராடுகிறவர் இருந்தால், “நீ திருந்தவேமாட்டாய்” என்ற வார்த்தையை நம் வாயிலிருந்து எடுத்துவிடுவோம். அடிபட்டும் ஏமாந்தும் களைத்துப்போன மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்பையும் பார்ப்போம். அன்பு என்பது அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டே இருப்பதன்று. ஆனாலும் எந்த மனிதரையும் முடிந்துபோனவர் என்று நாம் தீர்ப்பிட வேண்டாம்.

சிறு வயதில் நாம் மனப்பாடம் செய்த உத்தம மனஸ்தாப செபத்தை நினைத்துப் பார்ப்போம். இனிப் பாவம் செய்வதில்லை என்று அதில் உறுதி எடுக்கிறோம். உடனேயே, நம் பலன் போதாது என்று ஒத்துக்கொண்டு இயேசுவின் திரு இரத்தத்தின் பேறுபலன்களைப் பற்றிக்கொள்கிறோம். அருள் வாழ்வு முழுவதும் அந்தச் சிறு செபத்துக்குள் இருக்கிறது. உறுதி நம்முடையது, பலம் அவருடையது. இன்று இரவு படுக்கைக்குப் போகுமுன் அதை அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் நினைத்துச் சொல்வோம்.

ஆண்டவரே, எங்களை விலைகொடுத்து மீட்டவரே, பழைய குரல் கூப்பிடும்போது உமது குரலை அடையாளம் கண்டு உம் பக்கம் திரும்பும் வரத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.